'அது போகட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள்

அன்புள்ள மேடம்,

எனக்குக் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம். என் மகளுக்கு மூன்றே முக்கால் வயது. கிருஷ்ணகிரியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்கேஜி சேர்த்திருக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கிறார்கள். இரண்டு மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடியற்காலை பஸ் பிடித்துவிடுவார். வந்த ஒரு நாளும் பாப்பாவுக்கு பிஸ்கட், பலூன், போன் என்று செல்லம்தான். "பாப்பாவுக்கு இன்னும் பென்சில் பிடிக்க வரலைங்க" என்று சொன்னால், "அதுக்குத்தானே பீஸ் கட்டியிருக்கோம், அவங்க பார்த்துக்குவாங்க" என்கிறார். எல்லாம் என் தலையில்தான்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மாட்டைப் பார்த்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, களி கிண்டி வைத்து நிமிர்ந்தால் ஏழரை. பள்ளி வேன் ஏழு நாற்பதுக்கே மெயின் ரோட்டுக்கு வந்துவிடுமாம். பாப்பா எழுந்திருப்பதே எட்டு மணிக்கு. இப்போதிருந்தே பழக்கலாம் என்று ஆறரைக்கு எழுப்பினால், "குழந்தையை ஏன் இப்படி வதைக்கிற" என்று அத்தை சண்டைக்கு வருகிறார். அத்தைக்கு இந்தப் பள்ளியே பிடிக்கவில்லை. தெருக்கோடி அங்கன்வாடியில் முட்டை போடுகிறார்கள், பாட்டுச் சொல்லித் தருகிறார்கள், அது போதாதா என்கிறார். பாப்பாவும் ஏழு மாதம் அங்கே போனவள்தான், அழாமல் போவாள். ஆனால் அங்கே ஏ பி சி டி கிடையாதே மேடம்.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவளை நாலு கோடு நோட்டுடன் உட்கார வைக்கிறேன். பென்சிலைக் குழவிக்கல் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாள். சின்ன 'பி' போடச் சொன்னால் திருப்பி 'டி' போடுகிறாள். பத்துத் தடவை சொல்லியும் அதே. போன வாரம் கோபத்தில் ஸ்கேலால் கையில் ஒன்று போட்டுவிட்டேன். அத்தை ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "நீ படிச்சுக் கிழிச்சதுக்கு என் பேத்தியை அடிக்கிறியா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அவரிடம் போனில் சொன்னதற்கு, "அம்மா வயசானவங்க, விட்டுடு" என்றார். எப்போதும் நான்தான் விடவேண்டும்.

இன்னொன்று, பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்கள் பிள்ளைகளோடு விளையாடி "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்றுதான் பாப்பா எண்ணுகிறாள். ஒன் டூ த்ரீ வருவதில்லை. பள்ளியில் சேர்க்கப் போனபோது டீச்சர் ஏதோ இங்கிலீஷில் கேட்டார், இவள் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அட்மிஷன் பாரம் முழுவதும் இங்கிலீஷில் இருந்ததால் கூட வந்த நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவின் படிப்பு என்ற இடம் வந்ததும், "பி.ஏ.ன்னு போட்டுடறேன் அண்ணி, யாரு பார்க்கப்போறாங்க" என்று எழுதிவிட்டாள். பத்தாவதில் நான் 431 மார்க். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் பதினொன்றில் பாதியில் நின்று, ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸில் இரண்டு வருஷம் ரோஜா தரம் பிரித்துக் கட்டுக் கட்டினேன். அப்புறம் கல்யாணம். அது போகட்டும். யூனிபார்ம், ஷூ, புத்தகம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆயிற்று தெரியுமா? அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஷூவை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன். அதற்கும் அத்தை ஒரு பேச்சுப் பேசினார்.

பாப்பாவும் பிடிவாதக்காரியாகிவிட்டாள். தை மாதம் மாமனார் புதிதாக வைத்த ஒட்டு மாங்கன்றில் வந்த பூவைக் கிள்ளிப் போட்டதற்கு ஒரு மணி நேரம் அழுதாள். நேற்று கன்றுக்குட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு, குச்சியைத் தரையில் தட்டி, "சொல்லு, தெரியாதா உனக்கு? தெரியாதா?" என்று மிரட்டுகிறாள். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டிபன் பாக்ஸ் மூடியைக்கூட அவளுக்குத் திறக்கத் தெரியாது. என்ன செய்வேன்? அத்தைக்கும் அவருக்கும் எப்படிப் புரிய வைப்பது? பாப்பாவை ஜூனுக்குள் எப்படித் தயார் செய்வது?

பெயர் வேண்டாம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் அத்தை தெரிந்தார், வீட்டுக்காரர் தெரிந்தார், ஏழு நாற்பது வேன் தெரிந்தது. இரண்டாம் முறை நீங்கள் தெரிந்தீர்கள். 'அது போகட்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு யூனிபார்ம் கணக்குக்குத் தாவியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அது போகட்டும் என்று சொன்னீர்களே தவிர, அது போகவில்லை. அந்தப் பாரத்தை எழுதிய நாளிலிருந்துதான் உங்களுக்குத் தூக்கமும் இல்லை என்று நினைக்கிறேன்.

பாரத்தில் அம்மா பி.ஏ. இனி அந்தப் பள்ளி வாசலில் நீங்கள் நிற்கும்போதெல்லாம் அந்த எழுத்து உங்களோடு நிற்கும். டீச்சர் இங்கிலீஷில் ஒரு வார்த்தை கேட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று இருக்கும். பிள்ளை தப்பாக எழுதினால், 'பி.ஏ. படிச்ச அம்மா வீட்டில் சொல்லித் தரலையா' என்று கேட்டுவிடுவார்களோ என்று இருக்கும். அதனால் அந்த பி.ஏ.வுக்கு ஈடாக ஒரு சாட்சி வேண்டும் உங்களுக்கு. மூன்றே முக்கால் வயதுப் பிள்ளையைச் சாட்சியாக நிறுத்துகிறீர்கள். விளக்கு வைத்ததும் நாலு கோடு நோட்டின் முன்னால் பரீட்சை எழுதுவது பாப்பா இல்லை தங்கையே, நீங்கள். பாதியில் நின்றுபோன உங்கள் படிப்பை அவள் விரலைப் பிடித்து எழுதப் பார்க்கிறீர்கள்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். கன்றுக்குட்டியிடம் "தெரியாதா உனக்கு?" என்று கேட்ட குரல் யாருடையது? நீங்கள் சிரிக்காமல் இருந்தது சரி. உங்களுக்கு அது கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்தப் பாரம் கேட்டது, நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொண்டீர்கள், அதைப் பிள்ளையிடம் கேட்டீர்கள், பிள்ளை அதைக் கன்றுக்குட்டியிடம் கொண்டுபோய்விட்டது. அந்த ஸ்கேலை இன்றைக்கே எடுத்துப் பரண்மேல் போடுங்கள். அதில் பேச்சே கிடையாது.

உங்கள் அத்தை சொன்ன "படிச்சுக் கிழிச்சது" என்ற வார்த்தை தப்பு. தெருவுக்குக் கேட்கச் சொன்னது இன்னும் தப்பு. அது ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தது என்று எனக்குப் புரிகிறது, நீங்கள் மூடி வைத்த இடத்தையே தொட்டுவிட்டார். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாரே, அதில் நான் அவர் பக்கம். பென்சில் விஷயத்திலும் அவர் பக்கம்தான். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பாப்பா வயதில் அதில் பாதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விரல்கள் தனித்தனியாக வேலை செய்ய வராத வயதில் குழந்தை முழுக் கையால்தான் பென்சிலைப் பிடிக்கும். 'பி'யைத் திருப்பி 'டி'யாகப் போடுவது ஆறேழு வயது வரைக்கும் சாதாரணம். ஒரு டம்ளரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது டம்ளர்தானே. எழுத்து மட்டும் திரும்பினால் வேறாகிவிடும் என்பது அவளுக்குப் புது வழக்கு. அது மெதுவாகத்தான் பிடிபடும்.

ஒட்டு மாங்கன்றுக்கு வருகிறேன். ஏன் பூவைக் கிள்ளிப் போட்டார் என்று மாமனாரைக் கேட்டீர்களா? சின்னக் கன்று முதல் இரண்டு மூன்று வருஷம் காய்த்தால் அதன் சத்தெல்லாம் காயிலே போய்விடும், வேரும் கிளையும் பிடிக்காது என்பார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்கேஜி என்பதில் இருக்கிற 'கேஜி' கிண்டர்கார்டன். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் 1840இல் வைத்த பெயர் அது. பிள்ளைகளின் தோட்டம் என்று அர்த்தம். அந்தத் தோட்டத்தில் அவர் குழந்தைகள் கையில் முதலில் கொடுத்தது நூல் பந்துகளையும் மரக்கட்டைகளையும். நோட்டும் பென்சிலும் அவசரமாகத் தேவைப்படவில்லை அவருக்கு.

நம் நாட்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009ஆம் ஆண்டினுடையது. ஆறு வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வருகிற குழந்தையைக்கூடத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது அது, பெற்றோரையும் வடிகட்டக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, புதிய இடத்தில், தெரியாத மொழியில், தெரியாத ஒருவர் கேட்டபோது பாப்பா உங்கள் புடவைக்குள் முகத்தைப் புதைத்ததில் அவமானப்பட என்ன இருக்கிறது? பயம் வந்தால் ஓடி ஒளிய அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, அது நீங்கள். அப்படி ஒரு இடம் இருக்கிற குழந்தைதான் நாளைக்குத் தைரியமாக வெளியே போகும். ஏழு மாதம் அங்கன்வாடிக்கு அழாமல் போனாளே, அதையே இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். உங்களை விட்டுப் பிரிந்திருக்க, வேறு ஒருவர் பேச்சைக் கேட்க, மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எல்கேஜிக்கு வேண்டிய பெரிய பாடம் அதுதான். அத்தை அந்த அங்கன்வாடியைப் பற்றிச் சொன்னது பிடிவாதத்தில் சொன்னதாகவே இருக்கட்டும், விஷயம் இருக்கிறது.

"ஒகட்டி, ரெண்டு, மூடு" கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குவது அந்த மண்ணுக்கே உள்ள வசதி. யாரும் நோட்டுப் போட்டுச் சொல்லித் தராமல், விளையாட்டிலேயே ஒரு மொழியை அவள் எடுத்து வந்திருக்கிறாள். மூன்றாவதையும் அப்படியே எடுத்துவிடுவாள், நீங்கள் குறுக்கே ஸ்கேலோடு நிற்காமல் இருந்தால்.

சரி, பள்ளி திறக்கும் முன் செய்ய வேண்டியது. டிபன் பாக்ஸ் மூடி. நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது உண்மையான பாடம். மூடியின் கொக்கி எந்தப் பக்கம் என்று காட்டி, தினமும் மதியச் சோற்றை அதில் போட்டுக் கொடுங்கள். ஒன்றுக்கு வந்தால் யாரிடம், எந்த வார்த்தை சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். சாயங்காலம் நோட்டுக்குப் பதிலாக ஒரு முறத்தில் மொச்சையும் அவரையும் கலந்து கொட்டி, இரண்டு பேரும் பிரியுங்கள். தண்டின் நீளம் பார்த்து ரோஜாவைத் தரம் பிரித்த கண் உங்களுடையது. எழுத்துக்கு முன்னால் பழக வேண்டியதே அந்த வித்தியாசம் பார்க்கும் கண்தான். அதைச் சொல்லித் தர உங்களுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். வேன் விஷயத்தில், ஆறரைக்கு எழுப்ப வேண்டுமானால் முதலில் ராத்திரி எட்டரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். அதற்கு அத்தையின் உதவியைக் கேளுங்கள், அவரிடம் கதை இருக்கும்.

வீட்டுக்காரரிடம் புகாராகச் சொல்லாதீர்கள், ஒரு வேலையைக் கொடுங்கள். பள்ளி திறக்கும் முதல் நாள் அவர் லீவு போட்டு வரவேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்றைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பாப்பாவை வகுப்பில் விட்டதும் ஆபீஸுக்குப் போய், "அம்மாவின் படிப்பு என்ற இடத்தில் தப்பாக எழுதிவிட்டோம், பத்தாம் வகுப்பு என்று திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். வயிறு கலங்கும், தெரியும். இரண்டு நிமிஷ வேலை அது. நாத்தனார் பாசத்தில்தான் எழுதினாள், ஆனால் பத்தாவது என்று எழுதினால் நீங்கள் சிறுத்துப்போவீர்கள் என்று அவளும் நம்பினாள், நீங்களும் நம்பிவிட்டீர்கள். 431 மார்க்கை என்னிடம் சொல்லத் தோன்றியதே, அந்தப் பெண்ணை ஏன் அந்தப் பாரத்தில் மறைத்தீர்கள்? பள்ளி டைரியில் டீச்சர் எழுதி அனுப்புகிற இங்கிலீஷ் வரியை நாத்தனாருக்கு போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தெரியாத வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு போட்டு, மறுநாள் டீச்சரிடமே கேளுங்கள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதைப் பாப்பா உங்களைப் பார்த்துக் கற்கட்டும்.

காலை ஏழு நாற்பதுக்கு வேன் போன பிறகு வீட்டில் கொஞ்சம் நேரம் மிஞ்சும். 1989இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, வீட்டில் இருந்தபடியே படித்துப் பன்னிரண்டாவது பரீட்சை எழுதலாம். உடனே வேண்டாம், மாங்காய் சீசன் முடியட்டும். ஆசை இருந்தால் மட்டும் யோசியுங்கள். பாரத்தை நிரப்புவதற்காக வேண்டாம்.

அப்புறம், அந்த ஷூ. பஞ்சு அடைத்த ஷூவில் அவள் ஓடினால் தடுக்கி விழுவாள். பில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரையும் பாப்பாவையும் கடைக்கு அழைத்துக்கொண்டு போய், அவள் காலுக்குச் சரியான சைஸாக மாற்றி வாங்கிவிடுங்கள்.