ஏ.பி. ஆங்கிலம்: அணிகளைப் பற்றிக் கேளுங்கள்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு ஏ.பி. ஆங்கிலம் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) நடத்துகிறேன். மே மாதத் தேர்வை முன்னிட்டுத் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, நூறு அணிப் பெயர்கள் கொண்ட பட்டியல் வைத்திருக்கிறேன். முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒருவரது பேச்சையோ எழுத்தையோ ஆராயும் கட்டுரைக்கு மொத்தம் 6 மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1. அணியின் பெயரைச் சொன்னதற்கென்று எதுவும் கிடையாது. 'இங்கே அனஃபரா (அடுத்தடுத்த தொடர்கள் ஒரே சொல்லில் தொடங்குவது) வந்துள்ளது' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்கு ஓடும் தாள்களைத் திருத்தி அலுத்துவிட்டேன். வந்தால் என்ன? கேட்பவரை அது என்ன செய்தது? அதை எழுதம்மா. இருபது பெயர் தெரிந்தால் தாராளம்.

மேடம், மெட்டானிமி, சினெக்டகி இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கிறாள் மகள். எனக்கே விளங்கவில்லை.

நீங்கள் பள்ளியில் ஆகுபெயர் படித்திருப்பீர்கள் ஐயா, அதுதான். 'தலைக்கு நூறு ரூபாய்' என்பதில் தலை ஆளைக் குறிக்கிறது. சினையாகுபெயர்; ஆங்கிலத்தில் சினெக்டகி. 'வெள்ளை மாளிகை மறுத்தது' என்றால் மறுத்தது கட்டடம் அல்ல, அதிபர் தரப்பு. இடவாகுபெயர், அது மெட்டானிமி.

கயாஸ்மஸ், ஆன்டிமெட்டபொலி?

அதே சொற்கள் இடம் மாறித் திரும்பினால் ஆன்டிமெட்டபொலி. 'நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நாட்டுக்கு நீ என்ன செய்யலாம் என்று கேள்' என 1961 பதவியேற்பில் கென்னடி சொன்னது அந்த வகை. சொற்கள் வேறாக இருந்து, அமைப்பு மட்டும் தலைகீழானால் கயாஸ்மஸ்.

பீரியாடிக் வாக்கியம் என்று அடையாளம் கண்டுவிடுகிறேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

நல்ல கேள்வி. முக்கியச் செய்தியைக் கடைசிவரை பிடித்துவைக்கும் வாக்கியம் அது. தமிழில் வினைமுற்று இயல்பாகவே கடைசியில் வரும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றே செய்ய வேண்டும். 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தை எடுங்கள். போராட்டத்துக்கு இது நேரமல்ல என்று வெள்ளை மதகுருமார் எட்டுப் பேர் அறிக்கை விட்டிருந்தார்கள். பதிலில் முந்நூறு சொல்லைத் தாண்டும் ஒரே வாக்கியம் வருகிறது. கும்பல் கொலைகள், கறுப்பினக் குழந்தைகளுக்கு இடமில்லாத கேளிக்கைப் பூங்காவுக்குப் போக முடியாது என்றதும் ஆறு வயது மகளின் கண்ணில் துளிர்க்கும் நீர், எந்த விடுதியும் சேர்க்காததால் காரிலேயே கழியும் இரவுகள். 'நீங்கள் இதைப் பார்க்கும்போது', 'இதை அனுபவிக்கும்போது' என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முற்றுப்புள்ளி வருவதாக இல்லை. கடைசியில்தான், நாங்கள் ஏன் காத்திருக்கச் சிரமப்படுகிறோம் என்பது அப்போது உங்களுக்குப் புரியும் என்கிறார். காத்திருக்கச் சொன்னவர்களை ஒரு வாக்கியத்துக்குள் காக்கவைத்துவிட்டார். இதை எழுதினால் அந்த 4 மதிப்பெண்ணை நெருங்குகிறீர்கள்.

வெர்பல் ஐரனி என்றால் கிண்டல்தானே?

சொல்வது ஒன்று, உணர்த்துவது அதற்கு எதிர்மாறு என்றால் வெர்பல் ஐரனி. கிண்டல் அதில் ஒரு வகை. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், கொல்லப்பட்ட சீசரின் இறுதிச் சடங்கில் பேசும் ஆன்டனி, கொன்றவர்களில் ஒருவனைப் பற்றி 'புரூட்டஸ் கண்ணியமானவர்' என்று முதலில் சொல்லும்போது கூட்டம் அப்படியே நம்புகிறது. சீசர் மகுடத்தை மும்முறை மறுத்ததை நினைவூட்டிவிட்டு அதையே மறுபடி சொல்கிறான். சொல் மாறவில்லை, பொருள் கவிழ்ந்துவிட்டது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன என்று, அவை போரையே காணாதவை என்ற குத்தலை உள்ளே வைத்து ஔவையார் புகழ்ந்தாரே, அந்த வஞ்சப்புகழ்ச்சிக்கு உறவுதான். ஆனால் ஔவை ஒரே வீச்சில் முடித்துவிடுகிறார். ஆன்டனிக்குக் கூட்டத்தைத் திருப்ப நேரம் வேண்டியிருக்கிறது.