சோபாவுக்கு மேல் அம்மோனைட்: எந்தப் படம், எந்த அளவு?

கேள்வி: திருச்சியில் புது வீடு கட்டியிருக்கிறோம். ஹாலில் ஆறடி சோபாவுக்கு மேலே அம்மோனைட் (எப்போதோ அழிந்துபோன கடலுயிரின் கல்லாகிப்போன ஓடு) படம் ஒன்றைப் பெரிதாக மாட்ட ஆசை. இணையத்தில் தேடினால் எக்கச்சக்கமாக வருகிறது, பாதிப் படங்களில் ‘தங்க விகிதம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். எதை எடுக்கலாம்? நாங்களே அச்சிட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: போட்டோவை விடுங்கள், பழைய கல்லச்சுப் படத்தை, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிட்ட படத்தை எடுங்கள். போட்டோவில் ஓட்டின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் போய்விடும். பெரிதாக்கினால் கல்லின் சொரசொரப்புதான் மிஞ்சும். 19ஆம் நூற்றாண்டில் வரைந்தவர்கள் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அடையாளம் காண்பதற்காகவே வரைந்தார்கள். அதனால் நான்கடி தள்ளி நின்று பார்த்தாலும் கோடுகள் தெளிவாகத் தெரியும். காப்புரிமைக்கும் இதுதான் வசதி. ஓட்டுக்கு வயது பத்துக் கோடி ஆண்டு என்றாலும், நேற்று அதை எடுத்த போட்டோ எடுத்தவருக்கே சொந்தம். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள் போனால் உரிமை முடிந்துவிடும். பழைய படங்களை வரைந்தவர்கள் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

இனி, நீங்கள் திருச்சிக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் முழுக்க எல்லோரும் அச்சிடுவது ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலின் படத்தைத்தான். 1899 முதல் 1904 வரை வந்த அவருடைய நூறு படத் தொகுப்பில் 44ஆவது படம் முழுக்க அம்மோனைட். அழகில் குறை சொல்ல முடியாது, ஆனால் எந்த ஓட்டல் வரவேற்பறையிலும் அதைப் பார்த்துவிடலாம். உங்கள் ஊர் அம்மோனைட்டுகளுக்கே தனியாகப் படங்கள் இருக்கின்றன. அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த புதைபடிவங்களை பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் படங்களுடன் விவரித்தார். பிறகு 1860களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தென்னிந்திய அம்மோனைட்டுகளுக்கென்றே படப் பக்கங்கள் நிறைந்த ஒரு தொகுதியை எழுதினார். இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவில் பிறந்தவர், 1874இல் லடாக்கில் இறந்தார். இங்குள்ள பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு உங்கள் பக்கத்து ஊட்டத்தூரின் பெயர்தான். சோபாவுக்கு மேலே மாட்ட ஸ்டோலிச்கா தொகுதியின் படங்களைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தொகுதி வெளிவந்த ‘பேலியன்டாலஜியா இண்டிகா’ (Palaeontologia Indica) என்ற தொடரின் பெயரையும் ஸ்டோலிச்கா (Stoliczka) பெயரையும் ஆங்கில எழுத்தில் போட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ், பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகங்களில் தேடுங்கள். இரண்டுமே இலவசம். பிடிஎஃப் வேண்டாம், அதில் படத்தைச் சுருக்கியிருப்பார்கள். பக்கத்தின் மூலப் படக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சலாவது வேண்டும். இறக்கிய பக்கம் உயரவாக்கில் 4000 பிக்சல் என்றால் 24 அங்குலம் வரை தைரியமாகப் போகலாம். 36 அங்குலத்துக்கு இழுத்தால் 111தான், கோடுகள் மழுங்கும். அச்சகத்தில் ‘ஏஐ போட்டுப் பெரிசு பண்ணித் தரேன் சார்’ என்பார்கள், வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் இலை விளிம்பு போல நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல அந்த நெளிவு முக்கியம். மென்பொருள் அதைத் தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிவிடும். ஒரே பெரிய படத்துக்குப் பதில் 12×18 அங்குலத்தில் மூன்று போடுங்கள். சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போட்டால் ஒவ்வொன்றும் 16 அங்குல அகலம் வரும், இடைவெளியோடு சேர்த்தால் நாலேகால் அடி. ஆறடி சோபாவுக்கு அது சரியாக இருக்கும். மூன்றும் சுருளாக இருக்க வேண்டியதில்லை. ஃபோர்ப்ஸ் புதுச்சேரியிலிருந்து விவரித்த பாக்குலைட்டஸ் என்ற அம்மோனைட் கோல் போல நீளமானது. நடுவில் அதை வைத்தால் எடுப்பாக இருக்கும்.

தங்க விகிதம் என்று போட்ட படங்களைத் தள்ளிவிடுங்கள். தங்க விகிதப்படி (சுமார் 1.618) அமைந்த சுருள் ஒரு முழுச் சுற்றுக்குள் ஏறக்குறைய 6.85 மடங்கு விரிய வேண்டும். அம்மோனைட் போலவே சுருண்ட ஓடு கொண்ட நாட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு விரிவதே சுமார் 3 மடங்குதான், பல அம்மோனைட்டுகள் அதைவிட நெருக்கமாகச் சுருண்டவை. இன்னொரு கலப்படமும் உண்டு. செம்பழுப்பு வரிகளோடு பளபளப்பாக இருந்தால் அது இன்றும் உயிரோடு இருக்கும் நாட்டிலஸ். அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு போய்விட்டன. சுருளின் நுனியில் பாம்புத் தலை இருந்தால் அது இங்கிலாந்தின் விட்பி ஊர்க்காரர்கள் செதுக்கி ஒட்டிய கைவேலை. துறவி ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்ற கதைக்காகச் செய்தது.

தாளுக்கு மங்கலான பருத்தித் தாள், பிக்மென்ட் மை (எளிதில் வெளுக்காத நிறமி மை) கேளுங்கள். கேன்வாஸ் வேண்டாம், அதன் நெசவு மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். பழுப்பேறிய பின்னணியைப் பளிச் வெள்ளையாக்கவும் வேண்டாம். மேற்கு வெயில் நேராக விழும் சுவர் என்றால் இடத்தை மாற்றுங்கள். பழைய நூல்களில் ஓட்டின் வாய் மேலே பார்க்கும்படி வரைந்திருப்பார்கள். உயிரோடு மிதந்தபோது காற்றறைகள் மேலேயும் கனமான உடல் கீழேயும் இருந்திருக்கும் என்றாலும், படத்தைத் திருப்ப வேண்டாம், எண்களெல்லாம் தலைகீழாகிவிடும்.

வீட்டில் சாளக்கிராமம் வைத்துப் பூஜை செய்பவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நேபாளத்தின் காளி கண்டகியில் கிடைக்கும் அந்தக் கற்களில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட்தான். படத்தைச் செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டினால் நிச்சயம் பேச்சு வரும்.

படம் இருக்கும்போது கல்லும் வேண்டுமே என்று பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊர்ப் பக்கம் பொறுக்கப் போகாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் ஆய்வுக்கு அந்த ஓடு வெறும் கல். பார்க்க ஆசை என்றால் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மூலையை மட்டும் உண்மையான அளவில் ஏ4 தாளில் எடுத்து, அந்தச் சுவரிலேயே ஒட்டி இரவு விளக்கில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பழுப்புத் தாள் மேலும் மங்கும். அப்படித் தெரிந்தால் கோட்டின் கருமையைச் சற்றுக் கூட்டச் சொல்லுங்கள்.