மாதக் கடைசியில் மட்டும் பில்லிங் மென்பொருள் முடங்குகிறது, ரேமை இரட்டிப்பாக்கியும் பயனில்லை: எங்கே தொடங்குவது?

கேள்வியில் நீங்கள் விவரித்திருக்கும் நிலைமையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓடும் உங்கள் பில்லிங் மென்பொருள் மாதத்தின் முதல் மூன்று வாரங்களுக்கு ஒழுங்காக இயங்குகிறது. கடைசி நான்கைந்து நாட்களில் ஒரு பில்லைச் சேமிக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. ரேமை 32 ஜிபியிலிருந்து 64 ஆக உயர்த்தியும் மாற்றமில்லை, அந்த நேரத்திலும் சிபியு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. எங்கே தொடங்குவது என்றும், கிளவுடுக்கு மாறினால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே முக்கியமான தடயம் இருக்கிறது. சிபியு 15 சதவீதத்தில் இருக்கும்போது பயனர் ஒரு நிமிடம் காத்திருக்கிறார் என்றால், தரவுத்தளம் உழைத்துக் களைக்கவில்லை. எதற்காகவோ காத்து நிற்கிறது. எதற்காக என்று கண்டுபிடிக்காமல் வன்பொருளை வாங்குவதும், கட்டமைப்புக் கோப்பிலுள்ள எண்களை இணையத்தில் பார்த்தபடி மாற்றுவதும் வீண் செலவாகவே முடியும். இந்த வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில், ஏறத்தாழ இதே அறிகுறிகளுடன் நான் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். உங்களுடையதும் இதுவாகவே இருக்கக்கூடும்.

திருப்பூரில் ஒரு மொத்த விற்பனை நிறுவனம். மாதத்தின் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு பில்லிங் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது: "சார், வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதுங்க, வெளிய லாரி நிக்குது." நான் முதலில் பார்த்தது சர்வரின் வரைபடங்களை அல்ல, பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சியை. இந்தக் கணத்தில் எந்தெந்த இணைப்பு என்ன செய்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அது காட்டும்; காத்திருப்பின் வகையை விளக்கமாகத் தரும் வசதி 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. அங்கே 23 இணைப்புகள் இருந்தன. (டிரான்ஸாக்ஷன் என்பது முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரு வேலைத் தொகுப்பு; பூட்டு என்பது ஒருவர் மாற்றும் பதிவை அவர் முடிக்கும்வரை மற்றவர் மாற்றாமல் தடுப்பது.) 21 இணைப்புகள் "டூப்பிள்" (அதாவது ஒரு பதிவு) பூட்டுக்காகவும், ஒன்று "டிரான்ஸாக்ஷன் ஐடி" பூட்டுக்காகவும் நின்றன. மீதமிருந்த ஓர் இணைப்பு மட்டும் "ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்" என்ற நிலையில், அதாவது டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டு எந்த வினவலும் அனுப்பாமல் சும்மா இருந்தது. சில விநாடிகள் கழித்து மீண்டும் பார்த்தபோது அதே படம்தான், ஆனால் சும்மா இருந்த இணைப்பு வேறு. ஒரே ஒரு பதிவைப் பிடிக்க எல்லோரும் வரிசையில் நிற்கும்போது தெரியும் படம் இது: முதலில் நிற்பவர் பூட்டை வைத்திருக்கும் டிரான்ஸாக்ஷன் முடியக் காத்திருப்பார், அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் அந்தப் பதிவுக்காகக் காத்திருப்பார்கள்.

அந்த ஒரு பதிவு, பில் எண் கணக்கு. ஜிஎஸ்டி விதிகளின்படி பில்லுக்கு 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர்வரிசை எண் வேண்டும். தானாக அடுத்த எண்ணைத் தரும், தரவுத்தளத்தின் சொந்த சீக்வென்ஸைப் பயன்படுத்தினால், சேமிக்கும்போது பிழை நேர்ந்து பின்வாங்கப்படும் ஒவ்வொரு பில்லும் எண்ணில் ஓர் இடைவெளியை விட்டுச் செல்லும். அதனால் பலரும் செய்வதுபோல அந்த நிரலாளரும் "கடைசி எண்" என்று ஒரு சிறிய அட்டவணை வைத்து, அதன் பதிவைப் பூட்டி, ஒன்றைக் கூட்டி, பில்லைச் சேமித்துக் கமிட் செய்தார், அதாவது மாற்றங்களை உறுதியாக்கி டிரான்ஸாக்ஷனை முடித்தார். இதில் தவறேதுமில்லை, அந்தப் பூட்டு சில மில்லிவிநாடிகளே நீடிக்கும். பிற்பாடு மின்-இன்வாய்ஸ் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களும் அதன் கீழ் வந்தபோது, பில்லை இணையவழியே பதிவு செய்து அடையாள எண் பெறும் அழைப்பை யாரோ ஒருவர் சேமிக்கும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள், எண்ணைப் பூட்டிய பிறகு, கமிட்டுக்கு முன்னால் நுழைத்துவிட்டார். வெளிச்சேவை பதில் சொல்லும் வரை பில் எண்ணின் பூட்டு திறக்காது.

ஏன் மாதக் கடைசியில் மட்டும் என்பதற்கு விடை சாதாரணக் கணக்கில் இருக்கிறது. மற்ற நாட்களில் நிமிடத்துக்கு 12 பில், ஒவ்வோர் அழைப்புக்கும் 0.4 விநாடி என்றால், 60 விநாடியில் அந்தப் பூட்டு 4.8 விநாடிதான் பிடிக்கப்பட்டிருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். கடைசி நாளில் நிமிடத்துக்கு 30 பில், அழைப்புக்கு 2.5 விநாடி என்றால், 60 விநாடியில் 75 விநாடி வேலை முடிய வேண்டும். அது எந்தச் சர்வராலும் ஆகாது. எத்தனை கோர் இருந்தாலும் நிமிடத்துக்கு 24 பில்லுக்கு மேல் போகாது, வரிசை வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் நின்றவர் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் காத்திருந்ததும் இதனால்தான்.

இதைவிட என்னை உறுத்தியது, இதற்கு முன் நடந்திருந்த வைத்தியம். மெதுவான வினவல்களின் பதிவேட்டில் "கடைசி எண்" அட்டவணையின் வினவல் 40 விநாடி, 50 விநாடி என்று மாதக் கடைசிதோறும் தலைகாட்டியதால், யாரோ அந்த அட்டவணைக்குத் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இரண்டு போட்டிருந்தார். ஏழு பதிவுகள் உள்ள அட்டவணைக்கு! அதில் ஒன்று அடிக்கடி மாறும் எண்ணுள்ள நிரலின் (அட்டவணையின் நெடுவரிசையின்) மேலேயே இருந்தது. இண்டெக்ஸ் உள்ள நிரல் மாறும்போது போஸ்ட்கிரெஸால் "ஹாட்" எனப்படும் சிக்கனமான புதுப்பித்தலைச் செய்ய முடியாது என்பதால், அந்த மருந்து நோயைச் சற்றுக் கூட்டியே இருந்தது. வினவல் எடுத்த நேரத்தில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு காத்திருப்பு என்று பிரித்துப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தீர்வு, மென்பொருளில் அரை நாள் வேலை. எண்ணை எடுத்து, பில்லை "பதிவு நிலுவை" என்ற நிலையில் சேமித்து, உடனே கமிட் செய்ய வேண்டும். வெளிச்சேவை அழைப்பை அதற்குப் பிறகு, பூட்டு ஏதுமின்றிச் செய்து, கிடைத்த அடையாள எண்ணை இன்னொரு சிறு டிரான்ஸாக்ஷனில் எழுத வேண்டும். தோல்வியுற்றவற்றைப் பின்னணியில் மீண்டும் முயல வேண்டும். விதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகளை அனுமதிப்பதால், கிளைக்கு ஒரு வரிசை என்று பிரித்தால் பூட்டும் பிரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் இதை உறுதிசெய்ய, இந்த மாதக் கடைசிவரை காத்திருக்காமல் இன்றே இரண்டு ஏற்பாடுகளைச் செய்யுங்கள். பூட்டுக் காத்திருப்புகளைப் பதிவேட்டில் எழுதும் "லாக் லாக் வெயிட்ஸ்" அமைப்பை இயக்கினால், ஒரு விநாடிக்கு மேல் நீளும் ஒவ்வொரு காத்திருப்பும், யார் யாரைத் தடுத்தார் என்ற விவரத்துடன் எழுதப்படும். அதோடு, ஆக்டிவிட்டி காட்சியைப் பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரு தனி அட்டவணையில் நகலெடுக்கும் சிறிய ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். ஆரக்கிள் தன் 10ஜி பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட மாதிரிகளை விநாடிக்கு ஒருமுறை தானே எடுத்துவைக்கிறது (அதைப் பார்க்கத் தனி உரிமக் கட்டணம் உண்டு). நமக்குப் பத்து விநாடியே போதும். நல்ல நாட்களின் மாதிரிகளும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்தாம் தேதி எப்படி இருந்தது என்று தெரியாதவரால் முப்பதாம் தேதி என்ன மாறியது என்று சொல்ல முடியாது.

பூட்டுச் சிக்கல் இல்லை என்று தெரிந்தால், அடுத்து, ஒவ்வொரு வினவலும் எத்தனை முறை ஓடி எவ்வளவு நேரம் எடுத்தது என்று தொகுக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியைப் பாருங்கள். அதை இயக்கத் தரவுத்தளத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும். அதன் பட்டியலைச் சராசரி நேரத்தால் வரிசைப்படுத்தாதீர்கள், மொத்த நேரத்தால் வரிசைப்படுத்துங்கள். 40 விநாடி எடுக்கும் அறிக்கை ஒரு நாளில் ஆறு முறை ஓடினால் 4 நிமிடம்தான். 3 மில்லிவிநாடியில் முடியும் விலைத் தேடல் 12 லட்சம் முறை ஓடினால் முழுதாக ஒரு மணி நேரம். பில்லின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே விலை கேட்கும் மென்பொருள்களில் இது சர்வ சாதாரணம். மெதுவான வினவல்களின் பதிவேட்டில் இது ஒருபோதும் தென்படாது.

மாதாந்தர அறிக்கைகளில் நான் அடிக்கடி காணும் இன்னொன்று, தேதியை எழுத்தாக மாற்றி "இந்த மாதம்" என்று ஒப்பிடுவது. தேதி நிரலை ஒரு செயல்பாட்டுக்குள் போட்டவுடன் அதன் இண்டெக்ஸ் பயன்படாமல் போகிறது. அதைவிடக் கெடுதல், எத்தனை பதிவுகள் கிடைக்கும் என்பது, வினவலை எந்த வழியில் நிறைவேற்றுவது என்று திட்டமிடும் போஸ்ட்கிரெஸின் பகுதிக்குத் தெரியாமல் போவது. புள்ளிவிவரம் ஏதுமில்லாத நிலையில் அது 200இல் ஒரு பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளும், அந்தத் தவறான எண்ணின் மேல் முழுத் திட்டத்தையும் கட்டும். முதல் தேதிக்குச் சமம் அல்லது அதிகம், அடுத்த மாத முதல் தேதிக்குக் குறைவு என்று எல்லை கொடுத்து எழுதினால் இரண்டும் சரியாகும். வினவலின் திட்டத்தையும் உண்மையில் நடந்ததையும் காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையின் வெளியீட்டில் மதிப்பிட்ட எண்ணும் உண்மையான எண்ணும் முதன்முதலில் எங்கே பெரிதாக விலகுகின்றனவோ, அந்த இடத்தில் தோண்டுங்கள்.

ரேமைப் பற்றி: 64 ஜிபி ஆக்கியபின், போஸ்ட்கிரெஸ் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகமான "ஷேர்டு பஃபர்ஸ்" அளவை மாற்றினீர்களா? இயல்பாக அது 128 எம்பிதான். மொத்த நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கு என்பது நியாயமான தொடக்கம். வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவகமான "ஒர்க் மெம்" இயல்பாக 4 எம்பி. பெரிய அறிக்கைகளின் வரிசைப்படுத்தல் வட்டுக்குப் போகிறதென்றால் அதை அறிக்கைப் பயனருக்கு மட்டும் உயர்த்துங்கள், எல்லோருக்கும் அல்ல. ஒரே வினவலிலும் அந்த அளவு பலமுறை எடுத்துக்கொள்ளப்படலாம்.

செத்த பதிவுகளை, அதாவது மாற்றியதாலோ நீக்கியதாலோ மிஞ்சிய பழைய பிரதிகளை, தானாகச் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்கியூமை யாரும் நிறுத்தி வைத்திருந்தால் உடனே இயக்குங்கள். இயல்பான அமைப்பில் ஓர் அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கு செத்த பதிவுகளான பிறகே அது வேலையைத் தொடங்கும். 5 கோடி பதிவுகள் உள்ள பில் வரிகள் அட்டவணையில் அது 1 கோடி செத்த பதிவுகள். இத்தகைய அட்டவணைக்கு மட்டும் அந்த விகிதத்தை 0.2இலிருந்து 0.02 ஆக்கலாம்.

பயன்படாத இண்டெக்ஸ்களை நீக்குமாறு பலர் ஆலோசனை சொல்வார்கள்; சரியான ஆலோசனைதான், ஆனால் ஒரு பிப்ரவரியில் பயன்பாட்டு எண்ணிக்கை சுழி என்று பார்த்து நான் நீக்கிய இண்டெக்ஸ், மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு மட்டும் பயன்படுவது என்று அன்றிரவு பதினோரு மணிக்குத்தான் தெரிந்தது. எண்ணிக்கை எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

கிளவுடுக்கு மாறுவதைப் பற்றி: பில் எண்ணின் பூட்டும் உங்களோடு அப்படியே வந்துவிடும். மென்பொருள் உங்கள் அலுவலகத்திலும் தரவுத்தளம் வெளியிலும் இருக்குமாறு பிரித்தால், போய்வரும் நேரம் அழைப்புக்கு ஒரு மில்லிவிநாடி கூடினாலே அந்த 12 லட்சம் அழைப்புகளுக்கு 20 நிமிடம் கூடும். நடைமுறையில் ஒரு மில்லிவிநாடியோடு நிற்காது. ஆகவே இந்த மாதக் கடைசியில் எடுக்கும் மாதிரிகளைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு விலை விசாரியுங்கள்.