ஸ்னேர் ஒதுங்கினால் ஒரு கயிறு எடுங்கள்

களியக்காவிளை வீட்டு மாடியில் டிரம்ஸ் பதிவு செய்தால் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் ஒலி இடப்பக்கம் ஒதுங்குகிறது, மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து கேட்டால்) மெலிகிறது என்று எழுதியிருந்தீர்கள் அண்ணா. மைக்கைக் குறை சொல்ல வேண்டாம், தூரம்தான் பிசகு. ஸ்னேர் நடுவில் கயிற்றின் ஒரு முனையை வைத்து, டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டுக்கும் அளந்து பாருங்கள், இரண்டு தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். 34 செ.மீ. வித்தியாசம் என்றாலே தள்ளி இருக்கும் மைக்கில் ஒலி ஒரு மில்லிசெகண்ட் பிந்தும். மோனோவில் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மைக்கின் ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். மார்த்தாண்டத்தில் ஒரு கொயர் (பாடகர் குழு) பதிவில் இது தெரியாமல் அரைநாள், பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், மேலே தகரக் கூரை என்றீர்களே, மைக்கை அதிகம் ஏற்றாதீர்கள். ஸ்னேரிலிருந்து ஒரு மீட்டர் போதும். தலைக்கு மேல் பழைய மெத்தை ஒன்றைக் கட்டுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை கொட்டும்போது மட்டும் பதிவே வேண்டாம், தகரம்தான் வாசிக்கும்!