ஆளே இல்லாத கல்லறையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது எப்படி?

பெய்ஜிங் அருகே உள்ள திங்லிங், மிங் பேரரசர் வான்லியின் நிலத்தடிக் கல்லறை. கட்டி முடித்தது 1590இல். அவர் இறந்ததோ 1620இல். உயிரோடு இருக்கும்போதே கல்லறை எழுப்புவது அங்கே வழக்கம். சுமார் 27 மீட்டர் ஆழத்தில் ஐந்து கூடங்கள்; தூண்களே இல்லை, கூரையைக் கல் வளைவுகள் தாங்குகின்றன.

1957இல் தொல்லியலாளர்கள் அதன் பளிங்குக் கதவைத் தள்ளியபோது அசையவில்லை. உள்ளே ஒரு நீண்ட கற்பலகை முட்டுக் கொடுத்திருந்தது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் உலக்கையைச் சாய்த்து வைப்போமே, அதே உத்திதான். பலகையின் அடி தரையிலுள்ள பள்ளத்தில் நிற்கும். தலை கதவில் சாய்ந்திருக்கும். வெளியே வருபவர்கள் கதவை இழுத்து மூட மூட, பலகை சரிந்து கதவின் உள்பக்க விளிம்பில் சிக்கிக்கொள்ளும். எடையே பூட்டு!

கதவையும் கவனியுங்கள்: சுழலும் பக்கம் தடிமன், இரு கதவுகள் சேரும் பக்கம் மெலிவு. அதனால் பல டன் கல்லும் எளிதாகத் திரும்புகிறது. ஆய்வாளர்கள் இடுக்கு வழியாக வளைந்த கம்பியை நுழைத்து, பலகையை நிமிர்த்தியே கதவைத் திறந்தார்கள்.

யாரையோ உயிரோடு உள்ளே விட்டுத் தாழிட வைத்தார்கள் என்பது வெறும் கதை. அரசருடன் பெண்களைப் பலியிடும் வழக்கத்தையே மிங் அரசு 1464இல் கைவிட்டிருந்தது.