வாசகர் கேள்வி: பனிமுயலும் பீகிள் நாயும்

கே: அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர்காலத்தில் பீகிள் நாய்களை வைத்துப் பனிமுயல் வேட்டையாடுகிறார்களாமே. அந்தக் குட்டைக்கால் நாய் முயலை எப்படிப் பிடிக்கும்?

ப: பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டிக் கவ்வுபவை. பீகிள் மூக்கால் தடம் பிடித்து, குரைத்துக்கொண்டே பின்னால் போகும். பனிமுயல் வளைக்குள் ஓடி ஒளிவதில்லை. பழகிய காட்டை விட்டு விலகவும் விரும்பாது. அதனால் பெரிய வட்டமடித்து, கிளம்பிய இடத்துப் பக்கமே திரும்பி வரும். அங்கே காத்திருந்து சுடுவதுதான் வேட்டைக்காரர் வேலை. மெதுவான நாய்தான் இதற்கு உகந்தது. வேகமாக விரட்டினால் வட்டம் பெரிதாகி, குரைப்பே காதில் விழாது.

முயல் எழுந்த இடத்தருகே, மரங்களுக்கிடையே 25 மீட்டராவது பார்வை கிடைக்கும் இடமாகப் பார்த்து அசையாமல் நில்லுங்கள். முயல் நாய்களுக்கு வெகு முன்னால் வந்துவிடும். குளிர்காலத்தில் பனிமுயலின் முடி வெளுத்துவிடும்; வெள்ளைப் பனியில் வெள்ளை முயல் தெரியாது. கருங்கண்ணையும் காதின் கரிய நுனியையும் தேடுங்கள்.

கே: நன்றாகக் குரைத்துக்கொண்டு போகும் நாய்கள் திடீரென்று அடங்கிப்போவது ஏன்?

ப: தடம் அறுந்துவிட்டது. முயல் தன் காலடியிலேயே கொஞ்ச தூரம் திரும்பி வந்து, பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவிவிடும். நாய்கள் நேரே ஓடி ஏமாறும். ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஓடி இறுகிய பாதையில் முயல் ஏறினாலும் இதே கதைதான். உடனே கூவி அழைக்காதீர்கள். நாய் தலையைத் தூக்கி, வேலையை விட்டு உங்களிடம் வந்துவிடும். பத்து நிமிடம் பொறுங்கள். தேர்ந்த நாய் கடைசியாக மோப்பம் கிடைத்த இடத்துக்கே திரும்பி, சுற்றிச் சுற்றித் தேடும். அப்படியும் கிடைக்காவிட்டால், முயல் எங்கே இறங்கியது என்று பாதையின் இரு ஓரமும் பாருங்கள்.

பனியின் தன்மையும் காரணமாகலாம். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய ஈரப்பனியில் வாசனை நன்றாக நிற்கும். கடுங்குளிரில் உலர்ந்த பொடிப்பனியில் நிற்காது. நாயும் நெஞ்சுவரை புதையும். பனி உருகி மறுபடி உறைந்து பொருக்குத் தட்டியிருந்தால் வேட்டையே வேண்டாம். அகன்ற பின்னங்கால் கொண்ட முயல் பொருக்கின் மேலேயே ஓடிவிடும். நாய் பொருக்கை உடைத்துக்கொண்டு உள்ளே போய், பாதம் கிழிந்து ரத்தம் கசியும். விரலிடுக்கு முடியைக் கத்தரித்துப் பாத மெழுகு தடவினால் பனிக்கட்டி உருண்டையாகச் சேர்வது குறையும்.

கே: எந்தத் துப்பாக்கி? என்ன விதி?

ப: 20 கேஜ் (குழல் அகல அளவு) ஷாட்கன், ரவையை அகலச் சிதறவிடும் சோக் (குழல் முனை அமைப்பு), 6-ஆம் எண் ரவை (சிறு குண்டுகள்) போதும். முயலுக்குப் பின்னால் புதரில் நாய் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் சுடக்கூடாது. மெய்னில் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. நாளுக்கு 4 முயல். அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தையும் பார்த்துவிடுங்கள். தென் மெய்னில் நியூ இங்கிலாந்து காட்டன்டெயில் என்ற பாதுகாக்கப்பட்ட முயலும் உண்டு. அது குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும். ஜனவரியில் பழுப்பு முயலைக் கண்டால் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள்.

உரிக்கும்போது கையுறை கட்டாயம். மனிதருக்கும் தொற்றக்கூடிய துலரேமியா என்ற நோய் கண்ட முயலின் ஈரலில் வெண்புள்ளிகள் இருக்கும். அதைச் சமைக்கவோ நாய்க்குப் போடவோ கூடாது.