ஆயிரத்து நானூறு படத்தை என்ன செய்வது?

கைவேலை கேள்வி–பதில். பதில் சொல்பவர், காரைக்குடியில் 22 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசகர்களுக்கு ‘டீச்சர் ஆச்சி’.

கேள்வி: மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அண்ணன் குடும்பமும் சிங்கப்பூரிலிருந்து தங்கை குடும்பமும் எங்கள் பெரிய வீட்டுக்கு வந்திருந்தார்கள். நாலு நாள் இங்கே இருந்துவிட்டு எல்லோருமாக ராமேசுவரம் போய் வந்தோம். எல்லோர் போனிலும் சேர்த்து 1,400 படங்கள்! பிள்ளைகளை வைத்துக்கொண்டு கையாலேயே ஓர் ஆல்பம் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது ஆச்சி?
– கோத்தமங்கலம் வாசகி

பதில்: கத்தரிக்கோலை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதல் வேலை கழிப்பதுதான். ஆளுக்கு ஐந்து படம் என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: தன் முகம் இருக்கிற படம் ஒன்றுக்கு மேல் கூடாது. எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தைப் போட்டதும் பெரிய பேரன் அரை மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவன் எடுத்து வந்த ஐந்தும்தான் ஆல்பத்திலேயே நல்ல படங்கள்.

வீட்டு முகப்பில் எல்லோரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிற படம் ஒன்று போதும். அதே நிற்பில் பதினாறு இருக்கும், எனக்குத் தெரியும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) பூண்டு உரிக்கிற படம், வளவில் (உள் முற்றத்தில்) கொடி நிறையக் காயும் ஈரத் துண்டுகள், மத்தியான வெயிலுக்குப் பட்டாலையில் தலைமாடு கால்மாடாகத் தூங்கும் பிள்ளைகள் – இதையெல்லாம் தள்ளிவிடாதீர்கள்.

பிரிண்ட் போடும் முன் யார் எடுத்தாரோ அவர் போனிலிருந்தே மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4×6 அங்குலப் படம் தெளிவாக வர 1200×1800 பிக்ஸல் வேண்டும்.

சாதாரண சார்ட் அட்டை வேண்டாம். சில வருடங்களில் பழுத்துவிடும், அதிலுள்ள அமிலம் படத்தையும் கெடுக்கும். கடையில் ‘ஆசிட் ஃப்ரீ’ தாள், 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கன அளவு) குறையாமல் கேளுங்கள். தைக்கும் பக்கத்தில் தாளுக்குத் தாள் அரை அங்குல அட்டைப் பட்டை ஒன்று வைத்தால், படங்கள் ஒட்டிய பிறகு ஆல்பம் வாய் பிளந்து நிற்காது. முதல் ஆல்பத்தில் இதை நான் செய்யவில்லை. அது இன்றைக்கும் வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் மாதிரி உப்பித்தான் நிற்கிறது.

படத்தின் முதுகில் பசை தடவாதீர்கள். ஒரு அங்குல நீளம், அரை அங்குல அகலத்தில் தாள் வெட்டி, மேல் மூலைகள் இரண்டையும் கீழ் விளிம்பின் நடுவுக்குச் சாய்வாக மடித்தால் முக்கோணப் பை ஆகும். நாலு மூலைக்கும் நாலு பை. பசை பைக்கு மட்டும்தான். நாளைக்குப் படத்தைக் கழற்ற வேண்டியிருந்தாலும் சேதமில்லை.

ராமேசுவரம் பக்கத்துக்கு ஒரு யோசனை. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. நீங்கள் பார்த்த புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. வீட்டுப் பெட்டகத்தைக் குடைந்து பாருங்கள். ஐயா (தாத்தா), அப்பத்தா காலத்து ராமேசுவரம் படம் ஏதாவது அகப்பட்டால் நகல் எடுத்து இடது பக்கம் வையுங்கள், பிள்ளைகள் எடுத்தது வலது பக்கம். அசலைப் பெட்டகத்திலேயே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பக்கத்தில் எழுதுவது. யார், எங்கே, எந்த நாள், அப்போது யார் என்ன சொன்னார். நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு எழுதி வைப்பது புதிதா என்ன? கல்யாணத்துக்கு வைத்த கரண்டி வரைக்கும் பட்டியல் போட்ட வீடுகள்! எங்கள் ஐயா 1971-இல் குற்றாலம் போய் வந்த செலவுக் கணக்கு என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வரி: ‘பெரியவளுக்குச் செருப்பு, அருவியில் போனதற்குப் பதில், ரூ. 6’. அந்தப் பயணத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்தால் எனக்குக் காலில் தண்ணீர் ஓடுகிறது. பெரியவள் நான்தான்.

எழுதுவதைப் படத்தின் மேல் எழுதாமல் தாளில் எழுதுங்கள். பிக்மென்ட் மை உள்ள பேனா நல்லது, மங்காது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் அந்தந்தப் பிள்ளையே எழுதட்டும்.

கேள்வி: 1980-களில் வாங்கிய ஆல்பம். பக்கமே பசையாக இருக்கும், மேலே பிளாஸ்டிக் தாள் மூடும். இப்போது படங்கள் எடுக்க வரவில்லை.
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: இழுக்காதீர்கள் தம்பி. நான் இழுத்தேன், எங்கள் ஆயாவின் (பாட்டி) பாதி முகம் அட்டையிலேயே தங்கிவிட்டது. முதலில் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலை மூலையில் நுழைத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம் மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். பிடிவாதமாக இருந்தால் அட்டையின் பின்பக்கம் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில விநாடி காட்டலாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதற்கும் வரவில்லையா? சுற்றி அட்டையோடு வெட்டி எடுத்து அப்படியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: பஸ் டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் ஒட்டலாமா?
– மதுரை வாசகி

பதில்: ஒட்டுங்கள், ஆனால் நகலை. மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட் சூட்டில் எழுத்து வருகிற தாள். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் வெள்ளைத் தாளாகிவிடும். வந்த அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் பக்கமெல்லாம் ஜிகினாவும் ஸ்டிக்கரும் ஒட்டுகிறாள். படமே தெரியவில்லை!
– தேவகோட்டை வாசகி

பதில்: ஜிகினா உதிர்ந்து படத்தைக் கீறும், அதைச் சொல்லி நிறுத்துங்கள். பதிலுக்கு அவள் கையில் ட்ரேசிங் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, வீட்டுத் தரையில் ஆத்தங்குடி கல் (பூப்போட்ட தரை ஓடு) பதித்திருந்தால் அங்கே உட்கார வையுங்கள். ஒரு கல்லின் பூவை எடுத்து ஓரத்துக்கு வரைந்தால் போதும். ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் போகும்.

கேள்வி: மைதா பசை காய்ச்சி ஒட்டலாமா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைப்பதாக இருந்தால் தாராளமாக.